யார் சரிபார்த்தது? பிரஸ் ரிலீஸிலிருந்து போன் திரை வரை பிஆர் வேலையின் கதை

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிப்பதற்காகச் சற்றே திருத்தப்பட்டது.)

இன்னைக்கு நாம பேசப்போறது ஒரு வேலையோட வரலாறு. பப்ளிக் ரிலேஷன்ஸ், தமிழ்ல மக்கள் தொடர்பு, ஆபீஸ் பாஷையில பிஆர். உங்கள்ல சிலர் அந்த வேலையிலயே இருப்பீங்க. இல்லைன்னா உங்க ரூம்மேட்டோ காலேஜ் ஃப்ரெண்டோ அதுல இருப்பாங்க. ராத்திரி பதினொரு மணிக்குச் சாப்பாட்டை அப்படியே வெச்சுட்டு, "கிளையண்ட் பேஜ்ல ஒரு கமென்ட் பத்திக்கிச்சு"ன்னு போனை எடுத்துக்கிட்டு பால்கனிக்கு ஓடுவாங்களே, அவங்கதான்.

ஒரு முப்பது வருஷத்துக்கு முன்னாடி இதே வேலையில புதுசா சேர்ந்த ஒருத்தர் என்ன செஞ்சிருப்பார்? பிரஸ் ரிலீஸை டைப் அடிக்கக் கொடுத்து, ஜெராக்ஸ் எடுத்து, கவர்ல போட்டு, ஒவ்வொரு பத்திரிகை ஆபீஸா ஏறி இறங்கியிருப்பார். இல்லைன்னா ஃபேக்ஸ் மிஷின் பக்கத்துல நின்னிருப்பார். மறுநாள் காலையில எந்தப் பேப்பர்ல எத்தனை வரி வந்திருக்குன்னு பார்த்து, வெட்டி, ஃபைல்ல ஒட்டி, கிளையண்ட்டுக்கு அனுப்பியிருப்பார். கம்பெனி பேர்ல ஒரு வார்த்தையைப் பொதுவெளியில சொல்ற அதிகாரம் அவருக்குக் கிடையாது.

இன்னைக்குப் பல இடங்கள்ல அதே வயசுக்காரங்க கையில கம்பெனியோட அக்கவுண்ட்டே இருக்கு. அவங்க ஒரு தட்டு தட்டினா கம்பெனியே பேசின மாதிரி. இந்த மாற்றம் எப்படி வந்தது? இதுல எது உண்மையிலேயே புதுசு, எது நூறு வருஷமா இருக்கிற பழைய பிரச்சனை? அதைப் பார்க்கத்தான் இந்த எபிசோட்.

1906: தண்ணீரில் விழுந்த ரயில்

கதை அமெரிக்காவுல ஆரம்பிக்குது. 1906 அக்டோபர் 28, ஞாயிற்றுக்கிழமை. நியூ ஜெர்சி மாநிலத்துல அட்லாண்டிக் சிட்டிக்குப் பக்கத்துல ஒரு பாலம். நம்ம பாம்பன் பாலம் மாதிரி, படகுகளுக்கு வழிவிட்டுத் திறந்து மூடுற பாலம். மூன்று பெட்டிகள் கொண்ட ஒரு மின்சார ரயில் அந்தப் பாலத்தில் தடம் புரண்டு தண்ணீரில் விழுந்தது. 50 பேருக்கு மேல் இறந்தார்கள்.

அந்தக் காலத்து ரயில்வே கம்பெனிகளுக்கு விபத்துன்னா ஒரே பழக்கம்தான்: மூடி மறைக்கிறது. நிருபர்களைக் கிட்ட விடமாட்டாங்க, தகவல் தரமாட்டாங்க. ஆனா இந்த முறை பென்சில்வேனியா ரயில்ரோடு கம்பெனிக்கு ஒரு புது ஆலோசகர் இருந்தார். பெயர் ஐவி லீ. வயது 29. நியூயார்க்கில் பத்திரிகை நிருபராக வேலை பார்த்துவிட்டு, கொஞ்ச நாள் முன்னாடிதான் இந்தப் பக்கம் வந்தவர்.

லீ செஞ்சது தலைகீழ். கம்பெனி தரப்பில் ஓர் அறிக்கை எழுதி, பத்திரிகைகள் கேட்கும் முன்னாலேயே கொடுத்தார். நிருபர்களையும் போட்டோகிராபர்களையும் கம்பெனி செலவிலேயே விபத்து நடந்த இடத்துக்கு அழைத்துப் போனார். 'நியூயார்க் டைம்ஸ்' அந்த அறிக்கையை ஒரு வார்த்தை மாற்றாமல் வெளியிட்டது. உலகத்தின் முதல் பிரஸ் ரிலீஸ் இதுதான்னு பிஆர் பாடப் புத்தகங்கள்ல சொல்லுவாங்க.

அதே வருஷம் லீ இன்னொன்றும் செய்தார். தன் தொழிலுக்கு ஒரு கொள்கை அறிக்கை எழுதி நாளிதழ் ஆசிரியர்களுக்கு அனுப்பினார். அதோட சாரம் இது: நாங்கள் ரகசியமாக வேலை செய்வதில்லை. நாங்கள் தருவது விளம்பரம் அல்ல. நாங்கள் சொல்லும் எந்தத் தகவலையும் ஓர் ஆசிரியர் நேரடியாகச் சரிபார்க்க விரும்பினால், சந்தோஷமாக உதவுவோம்.

அந்தக் கடைசி வாக்கியத்தைக் கொஞ்சம் நினைவுல வெச்சுக்கோங்க. பிஆர்காரர் எழுதுவார், ஆசிரியர் சரிபார்ப்பார், அப்புறம்தான் மக்கள் படிப்பாங்க. இந்த மூணு படிகளை நம்பித்தான் இந்தத் தொழிலே ஆரம்பிச்சது.

1914: நடுவில் இருந்தவரைத் தாண்டியபோது

எட்டு வருஷம் கழிச்சு, அதே ஐவி லீ. இந்த முறை கிளையண்ட் ராக்ஃபெல்லர் குடும்பம்.

கொலராடோ மாநிலத்தில் அவர்களுக்குப் பெரும் பங்கு இருந்த ஒரு நிலக்கரி, இரும்பு கம்பெனியில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கம்பெனி கொடுத்த வீடுகளைவிட்டு வெளியேறி, லட்லோ என்ற இடத்தில் கூடாரம் போட்டுக் குடும்பத்தோடு தங்கினார்கள். 1914 ஏப்ரல் 20 அன்று அந்த முகாமை மாநிலப் படையினர் தாக்கினார்கள். கூடாரங்கள் எரிந்தன. ஒரு கூடாரத்துக்குக் கீழே பள்ளத்தில் ஒளிந்திருந்த இரண்டு பெண்களும் 11 குழந்தைகளும் செத்துப்போனார்கள். நாடே கொதித்தது. ராக்ஃபெல்லர் குடும்பம் லீயைக் கூப்பிட்டது.

லீ கம்பெனி தரப்பு வாதத்தை வைத்துத் துண்டறிக்கைகள் தயாரித்தார். ஆனா இந்த முறை பத்திரிகைகளை மட்டும் நம்பி இருக்கலை. அரசு அதிகாரிகள், ஆசிரியர்கள், பாதிரியார்கள்னு ஊர்ல சொல்வாக்கு உள்ளவங்களோட பெயர்ப் பட்டியல் எடுத்து, அவங்களுக்கே நேரா தபால்ல அனுப்பினார். இன்னைக்கு நாம மெயிலிங் லிஸ்ட்டுன்னு சொல்றதோட தாத்தா அது.

அந்தத் துண்டறிக்கைகளில் பொய்கள் இருந்தன. தொழிற்சங்கத் தலைவர்கள் வாங்கிய சம்பளம் பல மடங்கு ஊதிக் காட்டப்பட்டிருந்தது. தொழிலாளர்களுக்காகப் போராடிய மதர் ஜோன்ஸ் என்ற முதிய பெண்மணியைப் பற்றி அவதூறு இருந்தது. 1915-ல் தொழில் உறவுகளை விசாரித்த அமெரிக்க ஆணையம் லீயைக் கூப்பிட்டுக் கேட்டது: இந்தத் தகவல்களை நீங்கள் சரிபார்த்தீர்களா? கம்பெனிக்காரர்கள் கொடுத்ததை அப்படியே எடுத்துக்கொண்டதாகத்தான் அவரால் சொல்ல முடிந்தது. எழுத்தாளர் அப்டன் சின்க்ளேர் அவருக்கு 'பாய்சன் ஐவி' என்று பெயர் வைத்தார். தொட்டா உடம்பெல்லாம் அரிக்கிற ஒரு விஷக்கொடியோட பெயர் அது. அந்தப் பட்டம் லீயோட ஆயுசுக்கும் ஒட்டிக்கிச்சு.

1906-க்கும் 1914-க்கும் என்ன வித்தியாசம்னு பாருங்க. முதல் தடவை லீ எழுதினது ஒரு ஆசிரியரோட மேசை வழியாப் போச்சு. நிருபர்களும் நேர்ல வந்து பாலத்தைப் பார்த்தாங்க. ரெண்டாவது தடவை அது நேரா வாசகர் கைக்கே போச்சு. நடுவுல கேள்வி கேட்க ஆள் இல்லை. அப்போ சரிபார்க்கிற பொறுப்பு முழுசா அனுப்புறவர்கிட்ட வந்துடுது. லீ அதைச் செய்யலை. இன்னைய டிஜிட்டல் பிஆரைப் புரிஞ்சுக்க இந்த ஒரு விஷயம் போதும்னு நான் நினைக்கிறேன்.

கம்பி, ஃபேக்ஸ், சாட்டிலைட்

அடுத்த எழுபது வருஷத்துல மாறினது பெரும்பாலும் வேகம்தான். 1954-ல் நியூயார்க்கில் பிஆர் நியூஸ்வயர் தொடங்கியது. தபால்காரரும் ஆபீஸ் பையனும் கொண்டுபோன அறிக்கை, டெலிபிரிண்டர் கம்பி வழியாக நேரே செய்தி அறைக்குப் போனது. 1961-ல் சான் பிரான்சிஸ்கோவில் பிசினஸ் வயர் வந்தது. அப்புறம் ஃபேக்ஸ். இது எல்லாத்துலயும் கடைசியில ஒரு செய்தி ஆசிரியர் உட்கார்ந்திருந்தார். அவர் பாதி ரிலீஸைக் குப்பைத் தொட்டியில போடுவார், மீதியில சந்தேகம் வந்தா போன் பண்ணுவார்.

அந்தக் காலத்தோட பெரிய உதாரணம் டைலனால். 1982 செப்டம்பர் கடைசியில், சிகாகோ பக்கம் டைலனால் என்ற தலைவலி மாத்திரை சாப்பிட்ட ஏழு பேர் இறந்தார்கள். யாரோ கடைகளில் இருந்த பாட்டில்களைத் திறந்து சயனைடு கலந்திருக்கிறார்கள். யார் என்று இன்றுவரை தெரியவில்லை. ஜான்சன் அண்ட் ஜான்சன் கம்பெனி சந்தேகப்பட்ட சில பேட்ச்களை உடனே திரும்பப் பெற்றது. நாடு முழுக்க சுமார் 3 கோடியே 10 லட்சம் பாட்டில்களைத் திரும்பப் பெறும் அறிவிப்பு அக்டோபர் 5 அன்று வந்தது. நவம்பரில், யாராவது திறந்திருந்தால் காட்டிக்கொடுக்கும் புது பேக்கிங்கோடு மாத்திரை திரும்ப வந்தது. அதை அறிவிக்க சாட்டிலைட் மூலம் 30 நகரங்களில் ஒரே நேரத்தில் பிரஸ் மீட் நடத்தினார்கள்.

இந்தக் கதையில பாடப் புத்தகங்கள்ல அதிகம் பேசாத ஒரு இடம் இருக்கு. எங்கள் ஆலையில் சயனைடே கிடையாது என்று கம்பெனி முதலில் நிருபர்களிடம் சொன்னது. நிருபர்கள் விடாமல் கேட்டார்கள். திரும்ப விசாரித்தபோது, தரப் பரிசோதனைக்காகக் கொஞ்சம் வைத்திருப்பது தெரியவந்தது. கம்பெனி தானே போய்த் திருத்திச் சொன்னது. அந்த சயனைடுக்கும் சாவுகளுக்கும் தொடர்பு இல்லை. ஆனாலும் அந்தத் தவறான பதில் அப்படியே நின்னிருந்தா, பின்னாடி வெளியே வந்தப்போ கம்பெனி காலி. கேள்வி கேட்ட நிருபர்கள்தான் ஒரு வகையில கம்பெனியைக் காப்பாத்தினாங்க.

இன்னொன்னு: முதல் சாவுக்கும் நாடு தழுவிய அறிவிப்புக்கும் நடுவுல ஆறு நாள். அதை இன்னைக்கும் உலகத்தின் சிறந்த நெருக்கடி மேலாண்மைன்னு வகுப்பெடுக்கிறாங்க.

2009: ஆறு நாள் 48 மணி நேரமானபோது

2009 ஜனவரி 15. நியூயார்க்கில் ஹட்சன் ஆற்றில் ஒரு விமானம் இறங்கியது. விமானி சலன்பர்கர். உள்ளே இருந்த 155 பேரும் பிழைத்தார்கள். அந்தக் கதை தெரிஞ்சிருக்கும், படமே வந்தது. அந்த விமானத்தோட பிரபலமான முதல் போட்டோவை எடுத்தவர் பத்திரிகைக்காரர் இல்லை. பயணிகளைக் காப்பாற்றப் போன படகில் இருந்த ஜேனிஸ் கிரம்ஸ் என்பவர், ஐபோனில் எடுத்து ட்விட்டரில் போட்டார்.

1906-ஐ நினைச்சுப் பாருங்க. தண்ணியில ஒரு ரயில். நிருபர்களை அங்கே கூட்டிட்டுப் போறதா வேண்டாமான்னு முடிவு பண்றது கம்பெனி கையில இருந்தது. 2009-ல அந்த முடிவை எடுக்க யாருக்கும் வாய்ப்பே இல்லை. பிஆர் மேனேஜர் தன் சீட்டுல வந்து உட்கார்றதுக்குள்ள உலகம் போட்டோவைப் பார்த்துடுச்சு.

மூன்று மாதம் கழித்து, ஏப்ரலில், டாமினோஸ் பீட்சா. வட கரோலினாவில் ஒரு கடையில் வேலை பார்த்த இரண்டு பேர், உணவில் அசிங்கம் செய்வது போல வீடியோ எடுத்து யூடியூபில் போட்டார்கள். இரண்டு நாளில் பார்வைகள் பத்து லட்சத்தை நெருங்கின. பதில் சொன்னால் தெரியாதவர்களுக்கும் தெரிந்துவிடும் என்று கம்பெனி முதலில் சும்மா இருந்தது. பழைய உலகத்துல அது சரியான கணக்கு. ஆனா ட்விட்டர்ல மக்கள், "கம்பெனி ஏன் வாயே திறக்கலை?"ன்னு கேட்க ஆரம்பிச்சாங்க. சுமார் 48 மணி நேரம் கழித்து, கம்பெனியின் அமெரிக்கப் பிரிவுத் தலைவர் பேட்ரிக் டாயில் அதே யூடியூபில் மன்னிப்புக் கேட்டு வீடியோ போட்டார். கம்பெனி ட்விட்டரில் கணக்கும் தொடங்கியது.

1982-ல ஆறு நாள்னா பாராட்டு. 2009-ல ரெண்டு நாள்னா "லேட்".

இளைஞர்கள் கைக்கு இந்த வேலை வந்தது இந்தக் காலத்துலதான். பெரியவங்களுக்கு செய்தி ஆசிரியர்களைத் தெரியும், அமைச்சர்களோட பி.ஏ.க்களைத் தெரியும். யூடியூப் தெரியாது, ஹேஷ்டேக் தெரியாது. அது தெரிஞ்சவங்க ஆபீஸ்ல கடைசி வரிசையில உட்கார்ந்திருந்த புதுப் பசங்க. "நீயே பார்த்துக்கோப்பா"ன்னு கொடுத்துட்டாங்க. அனுபவம் ஒரு பக்கம், அக்கவுண்ட் இன்னொரு பக்கம்னு பிரிஞ்சது அப்போதான்.

கொஞ்ச நாளில் சட்டமும் பின்னால் வந்தது. 2012 ஜூலையில் நெட்ஃபிளிக்ஸ் தலைவர் ரீட் ஹேஸ்டிங்ஸ், ஜூன் மாதத்தில் மக்கள் தங்கள் சேவையை 100 கோடி மணி நேரத்துக்கு மேல் பார்த்ததாகத் தன் ஃபேஸ்புக் பக்கத்தில் எழுதினார். முதலீட்டாளர்களைப் பாதிக்கும் தகவலை இப்படிச் சொல்லலாமா என்று அமெரிக்கப் பங்குச்சந்தை ஆணையம் விசாரித்தது. எந்தப் பக்கத்தில் சொல்லப்போகிறோம் என்று முன்கூட்டியே முதலீட்டாளர்களுக்குத் தெரிவித்திருந்தால் சொல்லலாம் என்று 2013 ஏப்ரலில் தெளிவுபடுத்தியது. ஆக ஒரு போஸ்ட்டும் அதிகாரபூர்வ அறிக்கைதான்னு ஆயிடுச்சு.

2015: மேகி

நம்ம ஊர்ல இதை எல்லாரும் ஒரு நூடுல்ஸ் பாக்கெட்ல பார்த்தோம். உத்தரப் பிரதேசத்தில் எடுத்த ஒரு மேகி மாதிரியில் ஈயம் அளவுக்கு மீறி இருப்பதாக 2015 மே மாதம் செய்தி வெடித்தது. அடுத்தடுத்து மாநிலங்கள் தடை போட்டன. ஜூன் தொடக்கத்தில் தமிழ்நாடும் தடை செய்தது. ஜூன் 5 அன்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் நாடு முழுக்க நிறுத்தச் சொன்னது. நெஸ்லேயின் உலகத் தலைவர் டெல்லி வந்து நிருபர்களைச் சந்தித்ததும் அன்றுதான். அதுக்கு முன்னாடி போன வாரங்கள்ல வாட்ஸ்அப் ஃபார்வர்டும் மீம்ஸும் தங்கள் வேலையை முடிச்சிருந்தன.

ஆகஸ்டில் பாம்பே உயர்நீதிமன்றம் தடையை ரத்து செய்தது. கம்பெனியின் விளக்கத்தைக் கேட்காமல் தடை விதித்ததும், அங்கீகாரம் இல்லாத ஆய்வகங்களில் பரிசோதித்ததும் தவறு என்றது. மறு பரிசோதனையில் ஈயம் வரம்புக்குள் இருப்பதாக வந்தது. நவம்பரில் மேகி கடைக்குத் திரும்பியது. கோர்ட்டுல ஜெயிச்சாச்சு. ஆனா கையில ஆதாரம் இருந்தும், ஜனங்க கேட்ட நேரத்துல, ஜனங்களுக்குப் புரியற பாஷையில பேச ஆள் இல்லாததால பல ஆயிரம் டன் நூடுல்ஸ் அழிக்கப்பட்டது.

இதுல இருந்து எல்லா பிஆர் ஆபீஸும் கத்துக்கிட்ட பாடம்: வேகமாப் பேசு. சரியான பாடம்தான். ஆனா பாதிப் பாடம்.

2017: மறுபடியும் லட்லோ

மீதிப் பாதியைக் கத்துக்கொடுத்தது பெல் பாட்டிங்கர். லண்டனில் மிகப் பெரிய பெயர் பெற்ற பிஆர் ஏஜென்சி. அதன் நிறுவனர்களில் ஒருவரான டிம் பெல், மார்கரெட் தாட்சரின் தேர்தல் பிரச்சாரங்களுக்கு வேலை செய்தவர். 2016-ல் தென்னாப்பிரிக்காவிலிருந்து ஒரு கிளையண்ட் வந்தது: குப்தா சகோதரர்களின் ஓக்பே நிறுவனம். உத்தரப் பிரதேசத்து சஹாரன்பூரிலிருந்து போய் அங்கே பெரிய ஆளானவர்கள். அதிபர் ஜூமாவோடு சேர்ந்து அரசாங்கத்தையே கைக்குள் போட்டுக்கொண்டார்கள் என்று அவர்கள்மீது குற்றச்சாட்டு. ஏஜென்சிக்கு மாதக் கட்டணம் 1,00,000 பவுண்டு.

பிரச்சாரம் எப்படிப் போச்சுன்னா, நாட்டோட உண்மையான பிரச்சனை குப்தாக்கள் இல்லை, பொருளாதாரத்தைப் பிடிச்சு வெச்சிருக்கிற வெள்ளைக்காரங்கதான்னு. நிறவெறி ஆட்சி முடிஞ்சு இருபத்தி சொச்சம் வருஷமே ஆன நாடு. ஏற்றத்தாழ்வு அங்கே நிஜமான காயம். அந்தக் காயத்துலதான் விரலை விட்டுக் கிளறினாங்க. அதே சமயத்தில் ட்விட்டரில் போலிக் கணக்குகள் கூட்டம் கூட்டமாக இதே பேச்சைப் பரப்பின. தென்னாப்பிரிக்கப் பத்திரிகையாளர்கள் விடாமல் தோண்டியதில் எல்லாம் வெளியே வந்தது.

2017 ஜூலையில் பெல் பாட்டிங்கர் மன்னிப்புக் கேட்டது. ஒரு பார்ட்னரை வேலையைவிட்டு நீக்கியது, மூன்று பேரை சஸ்பெண்ட் செய்தது. செப்டம்பரில் பிரிட்டன் பிஆர் சங்கம் அந்த ஏஜென்சியை வெளியேற்றியது. அடுத்த சில நாள்களில் கம்பெனி திவால் நடைமுறைக்குப் போனது. அந்த கிளையண்ட்டைக் கண்ணால்கூடப் பார்த்திராத இளம் ஊழியர்களும் வேலை இழந்தார்கள்.

1914-ல ஐவி லீ தபால்ல செஞ்சதை, இவங்க டிஜிட்டல்ல செஞ்சாங்க. நடுவுல இருக்கிற ஆசிரியரைத் தாண்டி நேரா மக்கள்கிட்ட போறது, கிளையண்ட்டுக்கு வசதியான கதையைச் சொல்றது, அது யாரை எரிக்கும்னு கேட்காம இருக்கிறது. ரெண்டுக்கும் நடுவுல நூறு வருஷம், முறை ஒண்ணுதான்.

2023: எழுதினது யார்?

கடைசியா, இப்போ நடக்கிறது. 2023 பிப்ரவரியில் மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் துப்பாக்கிச்சூடு. மூன்று மாணவர்கள் இறந்தார்கள். சில நாள்களில், வேறொரு பல்கலைக்கழகமான வாண்டர்பில்ட்டில், ஒரு கல்லூரி அலுவலகம் மாணவர்களுக்கு ஆறுதல் மின்னஞ்சல் அனுப்பியது. ஒருவரை ஒருவர் அரவணைப்போம், கவனித்துக்கொள்வோம் என்றெல்லாம் இருந்தது. அடியில் ஒரு சின்ன வரி: இது சாட்ஜிபிடி தந்ததைத் தழுவி எழுதப்பட்டது. மாணவர்கள் கொந்தளித்தார்கள். நடந்தது ஒரு சம்பவம், மின்னஞ்சலிலோ பன்மையில் இருந்தது என்று மாணவர் பத்திரிகை சுட்டிக்காட்டியது. அலுவலகம் மன்னிப்புக் கேட்டது.

சாட்ஜிபிடி வெளிவந்து மூணு மாசம்கூட ஆகாதப்போ நடந்தது இது. இன்னைக்கு எந்த ஏஜென்சியில இந்த மாதிரிக் கருவி இல்லாம முதல் டிராஃப்ட் எழுதறாங்க? அது தப்புன்னு நான் சொல்லலை. டெலிபிரிண்டர் வந்தது, ஃபேக்ஸ் வந்தது, இதுவும் வந்திருக்கு. ஆனா இதுவரைக்கும் வந்த எல்லாக் கருவியும் மனுஷன் எழுதினதை வேகமா எடுத்துட்டுப் போச்சு. இது எழுதவே செய்யுது. நடுவுல இருந்த ஆசிரியர் ஏற்கெனவே போயிட்டார். எழுதுறவரும் பாதி போயிட்டா, இதைச் சரிபார்த்தது யாருன்னு கேட்டா கை தூக்க ஆளே இருக்காது.

அதனாலதான் இந்த வேலையில இருக்கிற இளைஞர்களுக்கு இந்த வரலாறு முக்கியம்னு தோணுது. உங்க மேனேஜர் "சீக்கிரம் போடு"ன்னு சொல்லுவார். கிளையண்ட் வாட்ஸ்அப்ல நாலு வரி அனுப்பி "இதையே போட்டுடுங்க"ம்பார். அந்த நேரத்துல, "இதுக்கு டாக்குமெண்ட் இருக்கா சார்? ஆலையில யார்கிட்டயாவது கேட்டாச்சா?"ன்னு கேட்கிறது அதிகப்பிரசங்கித்தனம் மாதிரித் தெரியும். ஆனா ஒரு காலத்துல அந்தக் கேள்வியைக் கேட்கிறதுக்குன்னே எதிர்ல சம்பளம் வாங்கின ஒரு ஆள் இருந்தார். இப்போ அந்த நாற்காலியும் உங்களோடதுதான்.

தெரியாத விஷயத்துக்கு வேகமான பதில் ஒண்ணு இருக்கவே இருக்கு. "தகவல் வந்திருக்கு, விசாரிக்கிறோம், இத்தனை மணிக்குள்ள சொல்றோம்." பிஆர்ல இதுக்கு ஹோல்டிங் ஸ்டேட்மெண்ட்னு பேர். சொன்ன நேரத்துக்குத் திரும்ப வந்து சொன்னா, ஜனங்க காத்திருப்பாங்க. அந்த ஒரு மணி நேரத்தை வாங்கி, அதுக்குள்ள உண்மை என்னன்னு தேடிக் கண்டுபிடிக்கிறதுதான் வேலை. அதுக்குக் கொஞ்சம் தைரியம் வேணும், குறிப்பா ஆபீஸ்ல எல்லாரையும்விட ஜூனியரா இருக்கும்போது.